அவுங்க ஊருல பன்னி கெடையாதா?

2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்த வாரம் அது. பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்துக் காவல் நிலையம் ஒன்றுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ரைட்டர் மேசைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். உரச்சாக்கில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய நாட்டுத் துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திப் பிடித்திருந்தார். கட்டை பல இடங்களில் வெடித்து, பித்தளைத் தகடு வைத்து ஆணியடித்திருந்தது. குழலின் வாயில் துணி அடைத்திருந்தார். கரிமருந்தை அந்த வாய்வழியாகத்தான் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடித்து, மேலே ஈயக்குண்டையோ சைக்கிள் பால்ரஸையோ போட வேண்டும். ஒரு முறை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும். ரைட்டர் அதைப் பதிவேட்டில் ‘எஸ்.பி.எம்.எல். ஒன்று’, அதாவது வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, என்று எழுதிக்கொண்டார்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜப்பானில் வேலைக்குப் போக மொழி படிக்கிறாராம். “ஜப்பான்ல யார் கையிலயும் துப்பாக்கியே கிடையாது தாத்தா. அவங்க பண்பாடு அப்படி. யாரும் குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டாங்க” என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஏன் தம்பி, அவுங்க ஊருல பன்னி கெடையாதா?”

நிலையமே சிரித்தது, பெரியவரைத் தவிர. அவர் விவரம்தான் கேட்டார். அவருக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

பன்றி இருக்கிறது. ஜப்பானின் மலையடிவாரக் கிராமங்களில் காட்டுப்பன்றியும் மானும் செய்கிற அழிம்பு நம் வேப்பந்தட்டைப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைகளில் நடப்பதற்குக் குறைந்தது இல்லை. ஆண்டுதோறும் பல லட்சம் காட்டுப்பன்றிகளை அங்கே பிடித்தும் சுட்டும் கொல்கிறார்கள். ஆக, துப்பாக்கியும் இருக்கிறது. அது யார் கையில், எத்தனை பூட்டுக்குள், எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதில்தான் கதை.

ஜப்பானுக்குத் துப்பாக்கி போனது 1543-இல், தனெகஷிமா தீவில் வந்திறங்கிய போர்த்துகீசியர் வழியாக. முப்பது ஆண்டுகளுக்குள் ஜப்பானியர்களே செய்து குவித்துவிட்டார்கள். 1575-இல் நாகஷினோ போரில் வரிசை வரிசையாகத் துப்பாக்கி வீரர்களை நிறுத்தினார்கள். அதன்பின் தொகுகவா குடும்பத்து ஷோகன்களின் ஆட்சியில் நாடு அமைதியானது, துப்பாக்கியைக் கைவிட்டு வாளுக்கே திரும்பினார்கள் என்பது உலகம் விரும்பிக் கேட்கும் கதை. அமெரிக்கப் பேராசிரியர் நோயல் பெரின் 1979-இல் இதைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். அணுகுண்டுக் காலத்தில் ஒரு சமூகம் தானாக மனமுவந்து ஆயுதத்தைக் கீழே வைத்தது என்ற செய்தி யாருக்குத்தான் பிடிக்காது? நூல் நன்றாக விற்றது.

ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் கிராமத்துப் பழைய ஏடுகளைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. படைவீரர்கள் துப்பாக்கியை மூலையில் வைத்திருக்கலாம், குடியானவர்கள் வைக்கவில்லை. தொகுகவா காலத்தில் கிராமங்களில் ஏராளமான துப்பாக்கிகள் இருந்தன. பன்றி விரட்ட, மான் விரட்ட, மண்வெட்டி, கதிர் அரிவாள் மாதிரி அதுவும் ஒரு கருவி. 1687-இல் ஷோகன் சுனயோஷி நாடு முழுவதும் கிராமத்துத் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். உயிர்களிடத்தில் இரக்கம் காட்டச் சொல்லி அடுத்தடுத்து ஆணை போட்டு, ‘நாய் ஷோகன்’ என்று ஊரார் கேலி செய்த அதே மனிதர். வேட்டைக்காரர்களுக்கு ஒரு வகை அனுமதி. விவசாயிக்கு இன்னொரு வகை, அதற்குப் பெயரே ‘மிரட்டல் துப்பாக்கி’. குண்டு போடக் கூடாது, வெறும் மருந்தைக் கெட்டித்துச் சத்தம் மட்டும் எழுப்பலாம். நம்மூரில் பிவிசி குழாயில் கார்பைடு போட்டு ‘டமார்’ என்று வெடிக்க வைக்கிறார்களே, அதற்கு முந்நூறு வருஷத்து அண்ணன்.

சத்தத்துக்குப் பன்றி எத்தனை நாள் பயப்படும்? 1749-இல் வடக்கே ஹச்சினோஹே பகுதியில் காட்டுப்பன்றிகள் பெருகி விளைச்சலை அழித்ததில் பஞ்சமே வந்தது. ‘பன்றிப் பஞ்சம்’ என்றே அதற்குப் பெயர். காட்டை எரித்துப் பயறு விதைத்து, பிறகு தரிசாக விட்ட நிலங்களில் பன்றி பெருத்துவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். பட்டினி கிடந்து செத்தவர்கள் ஏராளம். பெரியவரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இருக்க முடியாது.

வாள்களின் கதையும் இப்படித்தான். 1588-இல் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாளையும் ஈட்டியையும் துப்பாக்கியையும் பிடுங்கினார். புத்தருக்குப் பெரிய சிலை வைக்கிறோம், அதற்கு ஆணியும் தாழ்ப்பாளும் அடிக்க உங்கள் இரும்பு வேண்டும், உங்களுக்கு மறுமையிலும் புண்ணியம் என்று ஆணையில் எழுதினார். உண்மைக் காரணம் கலகம் வரக் கூடாது என்பது. 1876-இல் மெய்ஜி அரசு சாமுராய்களின் இடுப்பிலிருந்த வாளையும் இறக்கியது. 1945-க்குப் பிறகு அமெரிக்கப் படை வந்து மிச்சம் மீதியையும் வாரிக்கொண்டது. 1958-இல் இன்று நடைமுறையில் உள்ள துப்பாக்கி, வாள் சட்டம் வந்தது. இத்தனை முறை பறிமுதல் நடந்த நாட்டைப் பார்த்து, ‘அவர்கள் இயல்பிலேயே ஆயுதத்தை வெறுப்பவர்கள்’ என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள்.

நம்மிடமும் அதே காரியம் நடந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து பிரகடனம் போட்டார், கோட்டைகளை இடித்தார்கள். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்கு தந்தது. பறித்ததும் வேந்தர்கள்தான், பறிகொடுத்ததும் குடியானவர்கள்தான். ஜப்பானில் நடந்தால் அதற்குப் பெயர் பண்பாடு. உடையார்பாளையத்தில் நடந்தால் பெயரே கிடையாது.

ஜப்பானை வியப்பது நமக்குப் புதிதல்ல. 1905-இல் ருஷ்யாவை ஜப்பான் வென்றபோது இந்தியா முழுவதும் துள்ளிக் குதித்தது. பாரதி 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார், அந்தச் சுருக்கத்தைக் கண்டு சொக்கிப்போனார். உலகம் சுற்றும் தமிழர் ஏ.கே.செட்டியார் 1930-களில் டோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்று, தான் கண்டதைத் தமிழில் எழுதினார். எம்.ஜி.ஆர். 1970 ஒசாகா கண்காட்சியை ‘உலகம் சுற்றும் வாலிப’னில் ஊருக்கெல்லாம் காட்டினார். இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. விளையாட்டு அரங்கில் குப்பை பொறுக்கும் ரசிகர்கள், இருபது விநாடி முன்னதாகக் கிளம்பியதற்கு மன்னிப்புக் கேட்ட ரயில் நிறுவனம். பின்னது 2017-இல் உண்மையாகவே நடந்தது. எதையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் செட்டியார் போனார், தங்கினார், படித்தார், பார்த்தார். நாம் பத்து விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு ‘ரத்தத்திலேயே ஊறியது’ என்று எழுதுகிறோம். ரத்தத்தில் ஊறியதாக இருந்தால் இவ்வளவு காகிதம் எதற்கு?

இன்று ஜப்பானில் ஒருவர் வேட்டைத் துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் முதலில் வகுப்புக்குப் போய் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். மனநல மருத்துவரின் சான்று வேண்டும். சுடும் பயிற்சியில் தேற வேண்டும். காவலர்கள் வீட்டுக்கு வருவார்கள். மனைவியிடம் கேட்பார்கள், அலுவலகத்தில் கேட்பார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். குடிப்பாரா, கடன் உண்டா, வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்கள். துப்பாக்கிக்குத் தனிப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, இரண்டுக்கும் பூட்டு. எந்த அறையில் இருக்கிறது என்று காவல் துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எத்தனை தோட்டா வாங்கினோம், எத்தனை சுட்டோம் என்பதற்கும் கணக்கு. கைத்துப்பாக்கி சாதாரணக் குடிமகனுக்குக் கிடையவே கிடையாது. பத்து ஆண்டு ஒழுங்காக ஷாட்கன் வைத்திருந்தவர்தான் பொதுவாக ரைஃபிள் கேட்கலாம். 12 கோடிப் பேர் உள்ள நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் துப்பாக்கியால் சுடப்பட்டுச் செத்தவர்கள் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தற்கொலையையும் சேர்த்து ஆண்டுக்கு 40 ஆயிரத்துக்கும் மேல்.

காவலர் வந்து பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போன பிறகு, மனிதன் தானாகவே மெதுவாகத்தான் பேசுவான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழக்கம் இப்படித்தான் உண்டாகிறது. இரண்டு தலைமுறை கழித்துப் பார்க்கிறவனுக்கு அது குணம் மாதிரித் தெரிகிறது. குணத்தைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம், பதிவேட்டை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். நமக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பண்பாட்டுக்குள்ளிருந்தே 2022 ஜூலை 8-இல் நாரா நகரத்தில் ஒருவன் இரும்புக் குழாயையும் ஒட்டுநாடாவையும் வைத்து வீட்டிலேயே துப்பாக்கி செய்து, முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றான். மறு மே மாதம் நாகானோ மாநிலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கியும் கத்தியுமாக ஒருவன் இரண்டு காவலர்கள் உட்பட நான்கு பேரைக் கொன்றான். ‘எங்கள் பண்பாடு எங்கே போயிற்று’ என்று அங்கே சிலர் புலம்பியிருக்கலாம். அரசு சட்டத்தைத் திருத்தியது. 2024 திருத்தம் இன்னொரு வகை நீளத் துப்பாக்கிக்கும் பத்தாண்டு நிபந்தனையை நீட்டியபோது, ஹொக்கைதோவின் வேட்டைக்காரர்கள் ‘கரடி வந்தால் நாங்கள் என்ன செய்வது’ என்று எதிர்த்தார்கள். அவர்களுக்கு விதிவிலக்கு வைக்க வேண்டி வந்தது. நம் பெரியவரின் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள், மிருகம்தான் வேறு.

அபே கொலைக்குப் பொறுப்பேற்று ஜப்பானின் தேசியக் காவல் துறைத் தலைவரும் நாரா மாநிலக் காவல் துறைத் தலைவரும் பதவி விலகினார்கள். ‘இங்கே எவனாவது செய்வானா’ என்று நம்மாட்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் அரியலூர்க்காரர்களும் உண்டு என்பதுதான் என்னை உறுத்தியது. 1956 நவம்பர் 23 அதிகாலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே வெள்ளத்தில் அரித்துப்போன மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதற்குச் சில மாதம் முன்பு மெகபூப்நகர் விபத்தின்போதே கடிதம் கொடுத்தவர்; நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். அந்தப் பாலத்தின் மேல் தினமும் ரயிலில் போகிறவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஜப்பான் அதிகாரி தலைகுனிந்த வீடியோவைப் பகிர்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவன் கண் என்ன செய்யும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. பெரம்பலூர் அருகே எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. வாக்ரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மக்கள். அவர்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது பாசிமணி, ஊசி, தோளில் ஒரு நாட்டுத் துப்பாக்கி. சினிமாவும் மேடை நாடகமும் அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. துப்பாக்கி அவர்கள் ‘பிறவிக் குணம்’ என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அவர்களின் துப்பாக்கிச் சூட்டில் காடை, கொக்குக்கு ஆபத்து வந்திருக்கலாம், ஊர்க்காரனுக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, சரிதான். கரைவெட்டி ஏரிக்கு மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்குகிறதென்றால், 2024-இல் அது ராம்சர் ஈரநிலம் ஆகியிருக்கிறதென்றால், சுடாமல் இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வேட்டையை விட்டவனுக்கு வேறு என்ன பிழைப்பு என்று சட்டம் சொல்லவில்லை. பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 ஜனவரி வரை ஆயிற்று. எறையூரில் பலர் விவசாயத்துக்கு மாறிவிட்டார்கள். உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு மேல் மனு கொடுக்கிறார்கள். வேட்டைக்காரர் என்று நாம் முத்திரை குத்தியவரின் சோளக் கொல்லையிலும் இன்று பன்றி மேய்கிறது. அவர் அதைத் தொடக் கூடாது.

ஜப்பானியர் கையில் துப்பாக்கி இல்லாததும் பண்பாடு, நரிக்குறவர் கையில் துப்பாக்கி இருந்ததும் பண்பாடு. இரண்டு இடத்திலும் ஆள் என்ன சாப்பிட்டார், எந்த நிலத்தில் நின்றார், எந்தச் சட்டம் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது என்று கேட்காமல் தப்பித்துக்கொள்ள இந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

சட்டம் என்று வந்தால் நம்முடையது ஒன்றும் தளர்வானதல்ல. 1959 ஆயுதச் சட்டம் உரிமமில்லாத துப்பாக்கிக்குச் சிறை என்கிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் துப்பாக்கிக் கொலை அபூர்வம்; இங்கே கொலைக்கு அரிவாள் போதும், அதற்கு உரிமமும் வேண்டாம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்காக மெய்யாகவே நாட்டுத் துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கு உரிமம் கொடுக்கச் சொல்கிறது. பெரியவர் கையில் இருந்தது அந்த உரிமம்தான். ஆனால் பயிரைத் தின்கிற பன்றியைச் சுட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும். ஒரு சட்டம் பன்றிக்காகத் துப்பாக்கி தருகிறது, இன்னொரு சட்டம் பன்றியைச் சுடாதே என்கிறது. நடுவில் நிற்பவர் கையில் சுனயோஷியின் ‘மிரட்டல் துப்பாக்கி’.

என் மாமா கொல்லையில் ஒரு ராத்திரி காவலுக்குப் படுத்திருக்கிறேன். கதிர் பால் பிடித்த சமயம். கல்யாணப் பட்டு ஒன்றைத் தவிர வீட்டுப் பெண்களின் பழைய புடவையெல்லாம் கொல்லையைச் சுற்றிக் குச்சியில் கட்டியிருந்தது. முடிதிருத்தகத்திலிருந்து மூட்டையில் கொண்டுவந்த மயிரை வரப்பெல்லாம் தூவியிருந்தார்கள். ரெண்டு மணிக்குத் தட்டை முறியும் சத்தம் கேட்டது. டார்ச் அடித்தோம், தகரத்தைத் தட்டினோம், கத்தினோம். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு திருமண மண்டபம் அளவுக்குச் சோளம் பாய் விரித்த மாதிரி கிடந்தது. தின்றது கொஞ்சம், மிதித்ததுதான் அதிகம். மாமா ஒன்றும் பேசவில்லை. சாய்ந்த தட்டைகளில் முற்றிய கதிர் ஏதாவது தேறுமா என்று ஒவ்வொன்றாகத் தோலை உரித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்படியொரு விடியலுக்குப் பிறகுதான் சிலர் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் தேடிப் போகிறார்கள், சிலர் கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுக்கிறார்கள். அவுட்டுக்காயை மாடு கடித்து வாய் கிழிகிறது. திருட்டு மின்வேலியில் அடுத்த கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் கருகிக் கிடக்கிறார். துப்பாக்கிச் சாவுக் கணக்கில் இவை எதுவும் வராது. அந்த மட்டில் நாமும் ஜப்பான்தான்.

எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்று நான் கேட்க மாட்டேன். உரிமம் இறுக்கமாக இருப்பதே நல்லது, இன்னும் இறுக்கலாம். ஆனால் ஜப்பான் விவசாயியிடமிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அத்தோடு போய்விடவில்லை. பன்றி விரட்டும் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 2007-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டு, உள்ளாட்சி அமைப்புகளே வேட்டைக்காரர்களை அமர்த்திப் பணம் கொடுக்கின்றன; கொல்லாமல் அதிர்ச்சி மட்டும் தருகிற வேலிக்கு மானியம் தருகிறார்கள். அங்கும் சிக்கல் உண்டு. வேட்டைக்காரர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டிவிட்டார்கள், ஊர்களில் இளவட்டமே இல்லை. இருந்தாலும் பன்றி வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று அங்கே ஒரு விவசாயிக்குத் தெரியும்.

இங்கே கேரளம் 2022-இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சைமலை அடிவாரத்தில் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? வரப்பில் நின்று கல்லெறிந்தால் காப்புக்காட்டில் விழும். சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. வாங்கியவர் வேலியோடு பன்றி நின்றுவிடுகிறது, வாங்க முடியாத பக்கத்துக் கொல்லைக்குப் போகிறது.

தேர்தல் முடிந்து, விதிகள் தளர்ந்த பிறகு பெரியவரை மறுபடி பார்த்தேன். துப்பாக்கியைத் திரும்ப வாங்கியாகிவிட்டது, உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், முன்பு மூன்று வருஷம், இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. படிவத்தை நிரப்பித் தரச் சொன்னார். எதற்காக உரிமம் என்று கேட்கிற இடம் வந்தது.

“பன்னின்னு எழுது” என்றார்.

பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன்.

“அதுல பன்னி எங்க?”

“அப்படி எழுதக் கூடாதுங்க பெரியப்பா. பன்றியைச் சுட அனுமதி இல்லை.”

படிவத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைநாட்டு வைக்க மைப்பெட்டி கேட்டார்.